பரணில் இருந்த பச்சை டைரி

மூன்று ஆண்டுகளுக்கு முன் சனவரி முதல் தேதியன்று ஒரு பட்டியல் எழுதினேன். மொத்தம் பத்துத் தீர்மானங்கள். காலை ஐந்து மணிக்கு எழுவது, நாள்தோறும் ஆயிரம் சொற்கள் எழுதுவது, மாதம் நான்கு புத்தகங்கள் படிப்பது என்று நீண்ட அந்தப் பட்டியலின் முதல் வரி, ‘உறையூர் வீட்டை ஒழித்துச் சுத்தமாக்குவது’. அப்பா இறந்த பிறகு அம்மா அந்த வீட்டில் தனியாக இருந்தார். முழங்கால் வலியால் பரணில் ஏற முடியாது. போகிக்கு இரண்டு நாள் முன்னதாகவே நான் போய் இறங்கினேன்.

ஒரு வருடமாகத் தொடாத பொருள் தேவையில்லாத பொருள் என்று எங்கோ படித்திருந்தேன். அந்த விதியோடு பரணில் ஏறினேன். அப்பாவின் அலுவலகக் கோப்புகள், வருமான வரி ரசீதுகள், என்றோ விற்றுவிட்ட ஸ்கூட்டரின் காகிதங்கள் எல்லாவற்றையும் ‘எதற்காவது வேண்டியிருக்கும்’ என்று கயிறு போட்டுக் கட்டினேன். அவற்றையும் யாரும் பல வருடங்களாகத் தொட்டதில்லை. அந்த முரண் அன்று எனக்கு உறைக்கவில்லை. அம்மாவின் பக்கம் வந்தபோது விதி கறாராக வேலை செய்தது. கோல நோட்டுகள், வார இதழ்களிலிருந்து கிழித்து ஊசி நூலால் தைத்து வைத்திருந்த தொடர்கதைகள், மருந்துக் கடையிலும் நகைக் கடையிலும் புது வருடத்துக்கு இலவசமாகத் தரும் டைரிகள். டைரிகளைப் புரட்டிப் பார்த்தேன். பால் கணக்கு, மளிகைக் கணக்கு. எல்லாம் சேர்ந்து பதினான்கு கிலோ. பழைய பேப்பர்காரர் எடைபோட்டு எடுத்துக்கொண்டு போனார். வீடு விசாலமாகிவிட்டதென்று அண்ணனுக்குப் படம் எடுத்து அனுப்பினேன்.

பொங்கலுக்கு மறுநாள் அம்மா கேட்டார்: “அந்தப் பச்சை டைரியை எங்க வச்ச?”

“எந்த டைரி?”

“பால் கணக்கு எழுதினது. அதுலதான எல்லாம் இருக்கு.”

பேப்பர் கடைக்கு ஓடினேன். சரக்கு கிடங்குக்குப் போய்விட்டது என்றார்கள். கிடங்கில் நான்கு பெண்கள் தரையில் உட்கார்ந்து காகிதத்தைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அட்டை தனி, வெள்ளைத் தாள் தனி, செய்தித்தாள் தனி. அவர்களில் ஒருவர் எழுந்து என்னோடு அரை மணி நேரம் தேடினார். கிடைக்கவில்லை. வெறுங்கையோடு திரும்பியபோது அம்மா, “போகட்டும் விடு, கணக்குதானே” என்றார். அதற்குமேல் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அந்த டைரியில் என்ன இருந்தது என்பதை அடுத்த சில மாதங்களில் துண்டு துண்டாகத் தெரிந்துகொண்டேன். சங்கிலியை அடகு வைத்த நாள், மீட்ட நாள். எங்களுக்குக் காய்ச்சல் வந்த நாட்கள். யாரிடம் கைமாற்று, எவ்வளவு திருப்பியாயிற்று. ஒவ்வொரு வருட முதல் பக்கத்திலும் அந்த வருடத்துக்கென்று ஒரு வரி. ஒரு வருடம் ‘தையல் மெஷின்’. இன்னொரு வருடம் ‘டைப்ரைட்டிங் லோயர்’. அம்மா டைப்ரைட்டிங் படித்தாரா என்று கேட்டேன். பகலில் நாங்கள் பள்ளிக்கூடம் போன பிறகு இரண்டு தெரு தள்ளிப் போய்ப் பழகியிருக்கிறார். பரீட்சைக்குப் பணமும் கட்டியிருக்கிறார். பரீட்சையன்று அண்ணனுக்கு அம்மை போட்டிருந்தது. அடுத்த வருட முதல் பக்கத்தில் மறுபடியும் அதே வரியை எழுதினாராம். அதற்கடுத்த வருடம் எழுதவில்லை.

நான் கல்லூரியில் பெண்கள் வரலாறு நடத்துகிறவள். சாதாரணப் பெண்களின் வாழ்க்கை பற்றி எழுதச் சான்றுகள் கிடைப்பதில்லை என்று ஆண்டுதோறும் மாணவிகளிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தச் சான்றுகள் எப்படிக் கிடைக்காமல் போகின்றன என்பதை என் கையாலேயே செய்து தெரிந்துகொண்டேன்.

தமிழர்களுக்கு இது புதிய கதையன்று. பழைய நூல்களைத் தேடி அலைந்த உ.வே. சாமிநாதையர் தன் வரலாற்றில் கரிவலம்வந்தநல்லூர் அனுபவத்தைப் பதிந்திருக்கிறார். அங்கே பாண்டிய மன்னர் ஒருவர் சேர்த்த ஏடுகள் கோயிலில் இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனார். பழைய ஏடுகளைக் கண்ட இடத்தில் போடக் கூடாது என்று நெய்யில் தோய்த்துத் தீ வளர்த்து ஆகுதி செய்துவிட்டதாகப் பதில் கிடைத்தது. எரித்தவர்களுக்கு அது சிதைந்துபோன பழம்பொருளை மரியாதையாக அனுப்பிவைக்கும் முறை. ஏட்டுக்குள் என்ன இருக்கிறது என்று அறியாமல் வீட்டையும் கோயிலையும் சுத்தம் செய்தவர்கள் அவர்கள்.

எதிர்த்திசையிலும் ஓர் உதாரணம் உண்டு. புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேயின் துபாஷாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதினார். கப்பல் வந்தது, சரக்கு விலை, யார் யாரைப் பார்த்தார்கள், ஊரில் என்ன பேச்சு என்று எல்லாம் அதில் இருக்கிறது. அவர் இறந்து எண்பத்தைந்து ஆண்டுகள் கழித்து, 1846இல், அந்தக் குறிப்பேடுகள் வெளியுலகுக்குத் தெரியவந்தன. அதுவரை ஒரு வீட்டில் அவை இருந்தன. அத்தனை தலைமுறைகளில் எத்தனை போகி வந்திருக்கும்! ‘தாத்தாவின் கணக்கு’ என்று யாரோ ஒவ்வொரு முறையும் எடுத்து வைத்திருக்கிறார்கள். பாட்டியின் கணக்கை அப்படி எடுத்து வைக்கத் தோன்றியிருக்குமா என்பதுதான் என் கேள்வி. பெண்கள் எழுதியதே குறைவு என்பது பாதிக் காரணம். எழுதியதும் கணக்குதானே என்று கழிந்துபோனது மறுபாதி. அந்தத் தீர்ப்பைப் பெரும்பாலும் வீட்டைச் சுத்தம் செய்யும் பெண்ணின் கையே நிறைவேற்றியிருக்கிறது. என் கை போல.

வீட்டை ஒழிக்கக் கற்றுத்தரும் அறிவுரைகளுக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. தொழிற்சாலை வேலையை அசைவு அசைவாகப் பிரித்து நேரம் குறிக்கும் முறையை ஃபிரடரிக் டெய்லர் 1911இல் புத்தகமாக எழுதினார். அடுத்த ஆண்டே அமெரிக்காவின் கிறிஸ்டின் ஃபிரடரிக் அதை அடுப்படிக்குக் கொண்டுவந்தார். பெண்கள் இதழ் ஒன்றில் அவர் எழுதிய கட்டுரைகள் 1913இல் நூலாயின. எந்தப் பாத்திரம் எங்கே இருந்தால் எத்தனை எட்டு நடை மிச்சம், மேடை எந்த உயரத்தில் இருக்க வேண்டும், எதைத் தூக்கி எறிய வேண்டும் என்று கணக்கிட்டுச் சொன்னார். இன்று நம் வீடுகளிலுள்ள சமையல் மேடைக்கு அவரும் ஒரு முன்னோடி. ஆனால் தொழிற்சாலையில் அசைவுகளை எண்ணியவர் ஒருவர், வேலை செய்தவர் இன்னொருவர். அடுப்படியில் இருவரும் ஒரே பெண். வேலையையும் அவளே செய்ய வேண்டும், தன்னையும் அவளே மேற்பார்வை பார்க்க வேண்டும்.

மிச்சமான நேரம் எங்கே போனது? அமெரிக்க ஆய்வாளர் ஜோன் வானெக் 1974இல் இதைக் கணக்கெடுத்தார். வெளிவேலைக்குப் போகாத பெண்கள் 1924இல் வாரத்துக்கு ஏறத்தாழ 52 மணி நேரம் வீட்டு வேலை செய்தார்கள். துவைக்கும் எந்திரமும் குளிர்பதனப் பெட்டியும் வந்துவிட்ட 1960களில் அது 55 மணி நேரம். கருவி வந்ததும் துணி அடிக்கடி துவைக்கப்பட்டது, வீடு இன்னும் பளபளப்பாக இருக்க வேண்டியதாயிற்று. சுத்தத்தின் அளவுகோல் உயர்ந்தது. அந்த வேலையைச் செய்ய இன்னொருவர் வரவில்லை.

நம் நாட்டுக் கணக்கும் இருக்கிறது. 2019இல் ஒன்றிய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களை அதில் செலவிட்டார்கள். ஈடுபட்ட ஆண்கள் 97 நிமிடங்கள். ஆண்களில் நான்கில் ஒருவர்தான் அந்த வேலைகளில் எதையாவது தொட்டிருந்தார். 2024 கணக்கெடுப்பில் பெண்களின் நேரம் 289 நிமிடங்கள். ஐந்து ஆண்டுகளில் பத்து நிமிடம் குறைந்திருக்கிறது. ஆண்களுடைய நேரமும் குறைந்து 88 ஆகியிருக்கிறது.

ஜப்பானின் மரி கோண்டோ எழுதிய புத்தகம் 2014இல் ஆங்கிலத்தில் வந்து உலகெங்கும் விற்றது. 2019 சனவரி முதல் தேதி, சரியாக மக்கள் தீர்மானம் எடுக்கும் நாளில், அவருடைய தொலைக்காட்சித் தொடர் தொடங்கியது. ஒவ்வொரு பொருளையும் கையில் எடுத்து, இது மகிழ்ச்சி தருகிறதா என்று கேட்டுப் பார்க்கச் சொன்னார். தராவிட்டால் நன்றி சொல்லி அனுப்பிவிட வேண்டும். அந்தக் கேள்வியை நான் இகழவில்லை. தனக்கு எது மகிழ்ச்சி என்று எந்தப் பெண்ணையும் கேட்காத வீடுகளில் அது பெரிய கேள்விதான். ஆனால் அடகுச் சங்கிலியின் தேதி யாருக்கு மகிழ்ச்சி தரும்? அம்மாவின் டைரி அந்தத் தேர்வில் தேறியிருக்காது. 2023 சனவரியில் கோண்டோவே, மூன்றாவது குழந்தை பிறந்த பிறகு வீட்டை அடுக்கி வைப்பதை ஓரளவு கைவிட்டுவிட்டதாகச் சொன்னார். பலர் கேலி செய்தார்கள். எனக்கு அது நேர்மையான பேச்சாகப் பட்டது. பொருள்களின் எண்ணிக்கையைவிட, யாருக்கு எவ்வளவு நேரம் இருக்கிறது என்பதே கணக்கு என்று அவரும் வந்து சேர்ந்திருந்தார்.

தீர்மானங்களுக்கும் இது பொருந்தும். நடைமுறைக்கு ஒத்த இலக்கு வை, சிறியதாக வை என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்கள். அதை நம் பெண்கள் எப்போதோ செய்து பார்த்துவிட்டார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டு வங்காளத்தில் ராஸசுந்தரி தேவி என்று ஒரு பெண். பன்னிரண்டு வயதில் திருமணம், பெரிய குடும்பம், அடுத்தடுத்துப் பிள்ளைகள். பெண் படித்தால் குடும்பத்துக்குக் கேடு என்று நம்பிய காலம். அவருக்குச் சைதன்ய பாகவதத்தைத் தானே படிக்க வேண்டும் என்று ஆசை. வீட்டிலிருந்த அந்தப் புத்தகத்திலிருந்து ஒரே ஒரு தாளைக் கழற்றி எடுத்து அடுப்படியில் ஒளித்துவைத்தார். மகன் எழுதிப் பழகிய ஓலை ஒன்றையும் எடுத்துக்கொண்டார். சமைத்துக்கொண்டே இரண்டிலும் உள்ள எழுத்துகளை ஒப்பிட்டு ஒப்பிட்டு, நெடுங்காலம் பாடுபட்டுப் படிக்கக் கற்றார். பின்னாளில் அவர் எழுதிய ‘அமார் ஜீபன்’ வங்க மொழியின் முதல் தன்வரலாறாகக் கொள்ளப்படுகிறது.

இந்தக் கதையைச் சொன்னால் வகுப்பில் மாணவிகளின் முகம் மலரும். ஒரு தாள் போதும், மனமிருந்தால் மார்க்கமுண்டு என்பார்கள். நானும் அப்படித்தான் சொல்லிவந்தேன். இப்போது அங்கே கொஞ்சம் நிறுத்துகிறேன். அவருடைய இலக்கு ஏன் ஒரு தாளாக இருந்தது? முழுப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார அந்த வீடு விடவில்லை. நடைமுறைக்கு ஒத்தது எது என்பதை அவர் முடிவு செய்யவில்லை, அடுப்பு முடிவு செய்தது. அம்மாவின் டைப்ரைட்டிங் இலக்கும் சிறியதுதான், சாத்தியமானதுதான். ஒரே ஒரு நாள் காலை, பிள்ளையைப் பார்த்துக்கொள்ள இன்னொருவர் இருந்திருந்தால் போதும். அன்று அப்பா அலுவலகத்தில் இருந்தார்.

அதனால்தான் நடைமுறைக்கு ஒத்துவராத ஒரு கனவையும் கூடவே நினைத்துக்கொள்கிறேன். அது அச்சேறியது நம் சென்னையில். கமலா சத்தியநாதன் 1901இல் இங்கிருந்து தொடங்கி நடத்திய ஆங்கில மகளிர் இதழில், 1905இல் ‘சுல்தானாவின் கனவு’ என்ற கதை வந்தது. எழுதியவர் ரொக்கையா சகாவத் ஹுசைன். அந்தக் கனவு நாட்டில் ஆண்கள் உள்வீட்டில் இருந்துகொண்டு வீட்டு வேலை பார்க்கிறார்கள், பெண்கள் நாட்டை நடத்துகிறார்கள். சூரிய வெப்பத்தில் சமையல், அடுப்படியில் புகையே இல்லை. அலுவலக வேலை நாளுக்கு இரண்டே மணி நேரம். ஆண்கள் சுருட்டுப் பிடித்து வீணாக்கிய நேரத்தைக் கழித்தால் அவ்வளவு போதும் என்று அதற்குக் காரணமும் சொல்லப்படுகிறது. சிரிக்க வைத்துக்கொண்டே நேரத்தின் அரசியலைப் பேசிய கதை அது.

ரொக்கையா கனவோடு நின்றுவிடவில்லை. கணவர் இறந்த 1909இல் பாகல்பூரில் ஐந்து மாணவிகளோடு ஒரு பள்ளியைத் தொடங்கினார். அங்கே நிலைக்க முடியாமல் கல்கத்தாவுக்குப் போய் 1911இல் எட்டு மாணவிகளோடு மறுபடி தொடங்கினார். அந்தப் பள்ளி இன்றும் நடக்கிறது. முழு உலகையும் புரட்டிப் போடும் கனவு ஒன்று, ஐந்து பிள்ளைகள் என்ற தொடக்கம் ஒன்று. இரண்டையும் அவர் ஒருசேர வைத்திருந்தார். கனவில்லாத சிறு இலக்கு, இருப்பதை ஏற்றுக்கொண்டு போகும் பழக்கமாகிவிடும் என்று எனக்குத் தோன்றுகிறது. அடுத்தவர் உதவியும் வேண்டும். நாவலாசிரியர் வை.மு. கோதைநாயகி எழுதிப் பழகியிராத காலத்தில், அவர் சொல்லச் சொல்லத் தோழி பட்டம்மாள் எழுதிக்கொடுத்தார். அங்கே தொடங்கியவர் 1925இல் ‘ஜகன்மோகினி’ இதழை ஏற்று நடத்தி, நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்களை எழுதினார். தீர்மானம் ஒருவருடையது, கை இருவருடையது.

குப்பை என்று கழிந்ததைத் தேடி எடுத்தவர்களும் நம்மிடையே உண்டு. கோட்டையூர் ரோஜா முத்தையா பழைய புத்தகங்களோடு நாடக நோட்டீஸ்களையும் துண்டறிக்கைகளையும் சேர்த்தார். 1992இல் அவர் இறந்தபின் அந்தச் சேகரம் சென்னையில் ஆய்வு நூலகமாயிற்று. மும்பையில் 1988இல் நீரா தேசாய், மைத்ரேயி கிருஷ்ணராஜ், நம் அம்பை மூவரும் சேர்ந்து ‘ஸ்பாரோ’ என்ற பெண்கள் ஆவணக் காப்பகத்தைத் தொடங்கினார்கள். பெண்களின் குரலும் படங்களும் கடிதங்களும் அங்கே ஆவணம் என்ற மதிப்பைப் பெற்றன. புனேயில் 1993இல் குப்பை பொறுக்கும் தொழிலாளர்கள், பெரும்பாலும் தலித் பெண்கள், சங்கம் கட்டினார்கள். சங்கத்தின் பெயரிலேயே காகிதம், கண்ணாடி, தகரம் என்ற சொற்களை வைத்துக்கொண்டார்கள். நாம் வீட்டை விசாலமாக்கும்போது அந்தப் பதினான்கு கிலோ யார் மடிக்குப் போகிறது என்று கேட்கவைத்தவர்கள் அவர்கள். கிடங்கில் எனக்காகத் தேடிய பெண்ணின் பெயரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை.

இந்த வருடமும் போகிக்கு உறையூர் போனேன். பட்டியலில் மூன்றே வரிகள். முதலாவது, பரண் வேலை அண்ணனுடையது. “எனக்கு எது எங்க இருக்குன்னு தெரியாதே” என்றான். “எனக்கும் தெரியாமத்தான் தூக்கிப் போட்டேன். அம்மாவைக் கேட்டுக் கேட்டு எடு” என்றேன். இரண்டு நாள் விடுப்பு எடுத்து வந்து ஏறினான். இரண்டாவது, ஒரு தகரப் பெட்டி. அதில் போடுவதை அம்மா மட்டுமே தீர்மானிப்பார். காரணம் கேட்கக் கூடாது. மூன்றாவது, வாரம் ஒரு மணி நேரம், ஞாயிறு மாலை. அம்மா சொல்வார், நான் எழுதுவேன்.

பெட்டியில் இதுவரை ஒரு ரேஷன் அட்டை, இரண்டு கல்யாணப் பத்திரிகைகள், தப்பிப் பிழைத்த ஒரு கோல நோட்டு, டைப்ரைட்டிங் பரீட்சைக்குப் பணம் கட்டிய ரசீது. அந்த ரசீது அப்பாவின் கோப்புக் கட்டுக்குள் கிடந்தது. நான் பத்திரப்படுத்திய கட்டுதான். அண்ணன் அதைப் பிரித்துப் படித்துவிட்டு, “பரீட்சைக்கு ஏன்மா போகலை?” என்று கேட்டான். அம்மா என்னைப் பார்த்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை.

“நீயே உக்காந்து கேளு” என்று அம்மா அவனுக்குப் பாயை விரித்தார். நான் அடுப்பில் பாலை வைக்கப் போனேன். பிறகு நினைவு வந்து திரும்பி வந்து நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பாலை அண்ணன் போய் வைத்தான்.